வெள்ளையாக இருந்ததெல்லாம் பஞ்சு

திருப்பூரில் வெள்ளையாக எது மேலே ஒட்டியிருந்தாலும் அதற்குப் பெயர் பஞ்சு. தலைமுடியில் இருந்தால் பஞ்சு, புருவத்தில் இருந்தால் பஞ்சு, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ரசத்தின் மேலே மிதப்பதும் பஞ்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண் முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் கையை நீட்டி நம் தோளில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அதனால் என் அம்மாவுக்கு இருமல் வந்தபோது ஊரே ஒரே குரலில் காரணம் சொல்லிவிட்டது. பஞ்சு.

அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, உதறி, அடுக்கி வைக்கும் வேலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எனக்குக் கல்யாணம் ஆகும் வரை அந்த வேலையைப் பார்த்தாள். நானும் அதே பக்கம்தான் போனேன். இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஃபைனல் செக்கிங். குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

அப்பா பனியன் கம்பெனிக்காரர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. எங்கள் ஊரில் சாயம் போடுகிறவர், அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர், லாரியில் துணிப் பேல் ஏற்றுகிறவர் என்று எல்லாருமே வெளியில் யாராவது கேட்டால் பனியன் கம்பெனி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்டவருக்கும் அது போதும். அப்பாவுக்குப் போதாது. "பனியன் கம்பெனி இல்லீங்க. சாயப்பட்டறையில பாய்லருங்க" என்று நிறுத்தித் திருத்துவார். சாயத் தொட்டியைச் சூடேற்றுவது நீராவி, அந்த நீராவி வருவது பாய்லரிலிருந்து, ஆகவே திருப்பூரில் அவர் விறகு போடாமல் ஒரு பனியனுக்கும் நிறம் ஏறியதில்லை என்பது அவர் கணக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இப்படித் திருத்தினார். வேலையை விட்டு நின்ற பிறகும் வீட்டில் குக்கர் சத்தம் போட்டால் எங்களுக்கு முன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அம்மா அவரை வைத்துச் சிரிக்காத நாள் கிடையாது.

இருமல் தொடங்கிக் கொஞ்ச நாளில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறினால் வாங்கிய மூச்சு, பிறகு சேலை கட்டினாலே வாங்கியது. எங்கள் ஊர் ராயபுரத்தில் பழக்கமான டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது என்றார். நெஞ்சில் நீர் என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் நினைப்பது டி.பி.தான். அவரும் அதையே நினைத்தார். அம்மா வேளாவேளைக்கு மாத்திரை விழுங்கினாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, நாக்குக்குச் சோறு பிடிக்காமல் போனது, நீர் மட்டும் போகவில்லை. ஊசி வைத்து எடுத்தால் மறுபடியும் ஊறியது.

உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வைத்தியத்தோடும் வந்தார்கள். ஒருவர் ஆடாதோடை இலையைக் கசக்கிக் குடிக்கச் சொன்னார். சேவூரிலிருந்து வந்த பெரியம்மா, பஞ்சு வேலை செய்கிறவர்கள் தினமும் ஒரு துண்டு வெல்லம் தின்ன வேண்டும், இவள் தின்னாமல் விட்டதுதான் இப்படிச் சேர்ந்துபோய்விட்டது என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. வெல்லம் தின்றிருந்தால் அதைக் குறை சொல்ல இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கும். நான் காபி டம்ளரை வைத்த வேகத்திலேயே பெரியம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்கும்.

உடம்பு பாதியாகிப் போன பிறகு கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நெஞ்சு டாக்டர் சின்ன வயதுப் பெண். தெற்கத்திக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், ஸ்கேன் எடுத்தார். பிறகு அம்மாவை வார்டில் விட்டுவிட்டு என்னையும் அப்பாவையும் கூப்பிட்டார். டி.பி. இல்லை என்றார். எங்களுக்குச் சந்தோஷப்பட நேரம் கொடுக்காமல், புற்றுநோய் என்றார்.

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன், எங்கே என்று. அதுதான் இன்னும் தெரியவில்லை என்றார் டாக்டர். "சொல்லுதேன், கவனமா கேளுங்க" என்று ஒரு தாளை எடுத்து நுரையீரலை வரைந்தார். நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக ஓர் உறை இருக்கிறது. நுரையீரலுக்குள்ளே பிறக்கும் புற்றுநோய் சில பேருக்கு வெளியே வந்து அந்த உறை முழுவதும் படரும், நீர் கோக்கும். அந்த உறையிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறொன்று. அதுவும் இப்படியே படரும், இப்படியே நீர் கோக்கும். ஸ்கேனில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சாயல். நீரில் கிடைத்த செல்லைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் ஒரே சாயல். உறையிலிருந்து ஒரு துண்டு சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எதுவாக இருந்தால் என்ன, இரண்டும் எமன்தானே என்று கேட்டேன். எனக்கு அப்போது யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, எதிரில் இருந்தவர் அவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நுரையீரலில் பிறந்ததாக இருந்தால், பீடி சிகரெட் பழக்கமே இல்லாத உங்கள் அம்மா மாதிரிப் பெண்கள் சிலருக்கு ஒரு மாத்திரை கேட்கும். முழுக்கக் குணமாகாது, ஆனால் வீட்டில் இருந்துகொண்டே, எழுந்து நடமாடிக்கொண்டே வருஷக்கணக்கில் இருக்கிறவர்கள் உண்டு. உறையில் பிறந்ததாக இருந்தால் அந்த மாத்திரை இல்லை. மருந்து ஏற்றலாம், கொஞ்சம் தள்ளிப்போடலாம். சொல்லிவிட்டு அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

இவ்வளவு பேச்சில் அப்பா பிடித்துக்கொண்டது மாத்திரை என்ற ஒரு சொல்லைத்தான். வெளியே வந்ததும், ஒன்றில் மாத்திரை உண்டு, ஒன்றில் இல்லை, அப்படித்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மறுநாள் சிவன்மலைக்குப் போய் வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும், நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்று முருகனிடம் கையேந்தி நின்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

விலா எலும்புக்கு நடுவில் சின்னதாகத் துளை போட்டு, குழாய் விட்டு, உறையிலிருந்து சதை எடுத்தார்கள். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் படுக்க முடியாமல் ஒருக்களித்தே கிடந்தாள். சோதனை முடிய நாள் ஆகும் என்றார்கள். நடுவில் தையலைப் பார்ப்பதற்காக வார்டிலிருந்து டாக்டர் அறைக்குப் போனபோதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மா தள்ளுவண்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால் நின்றேன், அப்பா பக்கத்தில்.

வீட்டில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்திருக்கிறீர்களா, உறையில் வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்றார். எங்கள் ஊரில் அந்தப் பெயர் கூரைக்குத்தான். பாதி திருப்பூர் அந்த அட்டைக்குக் கீழேதான் குடியிருக்கிறது, நாங்களும் லைன் வீட்டில் இருந்தபோது அதற்குக் கீழேதான் வெந்துகொண்டிருந்தோம் என்று சொன்னேன். கூரையைக் கேட்கவில்லை, தூளாகவோ நாராகவோ உதிர்கிற மாதிரி கையாண்டதுண்டா என்றார். அம்மாவின் கத்தரியும் பனியனும்தான் என் நினைவுக்கு வந்தன. இல்லை என்றேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, ஐயாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"பனியன் கம்பெனிதானுங்க" என்றார் அப்பா. "பஞ்சுதானுங்க எல்லாம். வேற ஒண்ணும் இல்லீங்க."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். என் ஆயுசில் தன் வேலையைப் பனியன் கம்பெனி என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்து முந்தானையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சரி என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அம்மாவை வார்டில் படுக்க வைத்துவிட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பாய்லர்னு சொன்னா அந்தப் பக்கம் எழுதிப்போடுவாங்க கண்ணு" என்றார். "அந்தப் பக்கம் எழுதிப்போட்டா மாத்திரை கிடைக்காது."

பிறகு சொன்னார். பாய்லரிலிருந்து போகும் நீராவிக் குழாயில் சூடு வெளியே போகாமல் இருக்க வெள்ளைக் கயிறு சுற்றுவார்கள். அதன் மேல் ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரிக் கையால் பிசைந்து பூசுவார்கள். காய்ந்து வெடித்தால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். அந்தத் தூள் மூட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் அச்சடித்திருக்கும். கயிற்றுக்கும் கடையில் அந்தப் பெயர்தான். பல வருஷம் கழித்து முதலாளி அதை மாற்றி வேறு எதையோ சுற்றச் சொன்னபோது, பழையது நெஞ்சுக்கு ஆகாதாம் என்று பேச்சு வந்ததாம். அப்பாவும் மற்றவர்களும் சிரித்தார்களாம். அத்தனை நாள் கையால் பிசைந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.

"இப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

எனக்கு அந்தக் கயிறு தெரியும். கடைப் பெயர்தான் தெரியாதே தவிர, கயிற்றை நன்றாகத் தெரியும். வீட்டில் அதற்குப் பாய்லர் கயிறு என்று பெயர். அப்பா வேலை முடிந்து வரும்போது முழங்கை வரை வெளுத்திருக்கும், சட்டை மடிப்பில் வெள்ளை படிந்திருக்கும். அம்மாவும் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருப்பாள், அவள் சேலையிலும் வெள்ளை ஒட்டியிருக்கும். இரண்டையும் வாசலில் பிடித்து ஓங்கி உதறுவாள். வெயிலில் அது பறப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அம்மாவின் சேலையிலிருந்து பறந்தது பருத்தி, அப்பாவின் சட்டையிலிருந்து பறந்தது அது. யாருக்குப் பிரித்துத் தெரியும்? வேறு ஊராக இருந்தால் கட்டியவன் சட்டை ஏன் இப்படி வெளுத்து வருகிறது என்று ஒருத்தி கேட்டிருப்பாள். திருப்பூரில் கேட்க வேண்டியதில்லை.

கயிற்றில் மிச்சம் விழும் துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அதைப் பாம்பு மாதிரிச் சுருட்டி, கோணி ஊசியால் தைத்துப் பிரிமணை செய்வாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி உருளாமல் இருக்கக் கீழே வைக்கும் வளையம்தான் பிரிமணை. மற்ற வீடுகளில் வைக்கோலிலோ தேங்காய் நாரிலோ செய்தது இருக்கும், சூடு பட்டுப் பட்டுக் கருகி உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டுப் பிரிமணை கருகாது. கொதிக்கக் கொதிக்கப் பருப்புச் சட்டியை வைத்தாலும் வெள்ளையாகவே இருக்கும். லைன் வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு எனக்கொன்று, எனக்கொன்று என்றார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து செய்து கொடுப்பாள். பிசிறு வெட்டியே பழகிய கையல்லவா, தைத்து முடித்ததும் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைக் கம்பெனிக் கத்தரியால் அழகாக நறுக்கி, ஊதிவிட்டுத்தான் கொடுப்பாள். நான் அவள் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

டீக்கடையில் நிற்கும்போது அந்த ஊதல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடாதே என்றார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அலைந்த மனிதர். நாம் என்ன பதில் சொல்கிறோமோ அதை எழுதிக்கொள்வார்கள், எழுதியதுதான் பிறகு நமக்கு ஆகும் என்பது அவர் அனுபவம். வியாதியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் டீக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். தப்பான மருந்தைக் கொடுத்து அம்மா வீணாக வதைபடக் கூடாது என்பதுதான் என் பயம். பாய்லர், கயிறு, தூள், சட்டை உதறியது, பிரிமணை எல்லாவற்றையும் சொன்னேன். பிரிமணை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சொன்னது நல்லதுதான், ஆனால் நீங்கள் சொல்வதை வைத்து முடிவு செய்வதில்லை என்றார். ஆஸ்பெஸ்டாஸ் பக்கமே போகாதவர்களுக்கும் உறையில் வந்திருக்கிறது, அதிலேயே கிடந்தவர்களுக்கு நுரையீரலிலும் வந்திருக்கிறது. ஆகவே செல்லைத்தான் கேட்க வேண்டும். எடுத்த சதையில் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். சில சாயங்கள் நுரையீரல் செல்லில் மட்டும் பிடிக்கும், சில சாயங்கள் உறையின் செல்லில் மட்டும் பிடிக்கும். ஒரு சாயத்தை நம்பக் கூடாது, சில சமயம் ஏமாற்றும். இந்தப் பக்கத்துக்குச் சிலது, அந்தப் பக்கத்துக்குச் சிலது போட்டு, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். முதலில் போட்டது தெளிவாக வரவில்லை, அதனால்தான் தாமதம் என்றார்.

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் கம்பெனியில் இரண்டு ரோல் வெள்ளைத் துணி டியூப்லைட்டில் ஒன்று போலவே இருக்கும். லைட் பெட்டிக்குள் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் போட்டால்தான் ஒன்று நீலம் காட்டும், ஒன்று மஞ்சள் காட்டும். நாங்கள் தப்பாகப் பார்த்தால் சரக்கு திரும்பி வரும். இங்கே அப்படித் திரும்பி வராது.

கடைசியில் சாயம் பிடித்தது. உறை.

டாக்டர் அதன் பெயரைச் சொன்னார், மீசோதீலியோமா. அப்பா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. "மாத்திரை?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு மெதுவாக, ஐயா நீங்களும் ஒரு நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டால் நல்லது, பாய்லரில் அவ்வளவு வருஷம் இருந்திருக்கிறீர்கள் என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காரில் வரும்போது அம்மா முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவிநாசி தாண்டிய பிறகுதான் அப்பா பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் மாத்திரை குடுத்திருப்பாங்க அம்மிணி."

அது அப்படியில்லை அப்பா, சாயம்தான் சொன்னது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். சாயத்தைப் பற்றித் தெரிந்தவர்தான், ஆனாலும் காதில் வாங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பொய் சொன்னவர் நீங்கள், பழி எனக்கா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா முன்னால் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் டிரைவரிடம் பேசுவார், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசுவார், என்னிடம் பேசமாட்டார். நான் வைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுவார், போதும் என்பதைக் கையைக் காட்டிச் சொல்வார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினால் இருமல் வரும் என்பதால் அவள் பேச்சைச் சுருக்கிவிட்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் நான் அம்மாவைக் குளிப்பாட்டுவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு உண்டு, விறகும் கட்டிங் வேஸ்ட் துணியும் போட்டு எரிப்பது. வெயில் படட்டும் என்று அம்மாவை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே துண்டு எடுக்கப் போனேன். அடுப்படியில் சட்டி வெறும் மேடையில் சாய்ந்து நின்றது. அடியில் இருந்த பிரிமணையைக் காணோம். சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா அதைக் கொண்டுபோய் அடுப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

பாய்லரில் வாழ்ந்தவருக்கு எரிக்கத் தெரியாதா? விறகைக் கிளறினார், துணியைப் போட்டார், ஊதினார். தீ அதைச் சுற்றி நன்றாகப் பிடித்தது. பிரிமணை கனல் மாதிரிச் சிவந்தது. கம்பியால் குத்தி வெளியே இழுத்துப் பார்த்தார். சிவப்பு அடங்கியதும், இத்தனை வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் எரிந்துபோய், அன்றைக்குத்தான் தைத்தது மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மறுபடியும் உள்ளே தள்ளினார். மறுபடியும் இழுத்தார். நான் துண்டோடு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

அம்மாதான் பேசினாள்.

"ஏனுங்க, அது எரியாதுங்க. எரியாதுன்னுதானே கொண்டாந்து குடுத்தீங்க."

அப்பா கம்பியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குந்தினார். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். டாக்டர் கேட்டபோதே தனக்கு அந்தத் தூளும் நாரும் ஞாபகம் வந்துவிட்டது என்றாள். அவர் இல்லை என்று சொன்னதும் தானும் சும்மா இருந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கு முன்னால் அவரைப் பொய்க்காரர் ஆக்க வேண்டாம் என்று. பிறகு இருமினாள். இருமி அடங்கியதும் சொன்னாள்.

"நீங்க தெரிஞ்சா கொண்டாந்தீங்க? நாந்தெரிஞ்சா தைச்சேன்? புள்ளை மேல எதுக்குங்க கோவம்? எங்கிட்ட வாங்கிட்டுப் போனவங்க ஊட்டுக்கெல்லாம் போயி அதைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. கோடி ஊட்டு இந்திக்காரப் புள்ளைக்குக்கூடப் போன தீவாளிக்கு மிச்சம் இருந்த ஒண்ணைக் குடுத்துப்போட்டேன்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்போதே எழுந்து போனார். பின்னாலேயே நானும் போனேன். தெருக்கோடி வீட்டுப் பெண் பீகார் பக்கத்துக்காரி, இடுப்பில் குழந்தை. அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவளுக்கு அவர் பேசும் தமிழ் பாதிதான் விளங்கும். சைகையால் கேட்டதும் அவள் உள்ளே போய், பருப்பு இறக்கி வைத்திருந்த சட்டியைத் தூக்கிவிட்டு அதை எடுத்துக் கழுவி, குழந்தை கையில் கொடுத்து நீட்டச் சொன்னாள். அப்பா குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். குழந்தை அழுதது. அவர் அதைத் தூக்கவும் முடியாமல் சமாதானம் சொல்லவும் தெரியாமல் நின்றார். பழைய லைன் வீட்டுக்காரர்கள் சிலர் வீட்டில் இன்னும் இருந்தது, சிலர் எப்போதோ தொலைத்துவிட்டார்கள், சிலர் வீட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை. கிடைத்ததையெல்லாம், போனில் கேட்டபோது டாக்டர் சொன்னபடி நனைத்து, கனமான பாலிதீன் பையில் போட்டுக் கட்டினோம். அப்பா பையின் வாயைப் பிடித்துக்கொண்டார், நான் முடிச்சுப் போட்டேன். இறுக்கிக் கட்டு என்றார். அதுதான் அவர் என்னிடம் மறுபடி பேசிய முதல் பேச்சு.

அம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. கடைசியில் வலி பொறுக்கமாட்டாமல் கிடந்தாள், அதை நான் எழுதப் போவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மேல்துண்டோடு நடுவில் இருந்தார். எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், சொந்தமாக நிட்டிங் மிஷின் வைத்திருப்பவர், பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று, பனியன் கம்பெனியில் வேலை செய்தால் இப்படித்தான், பஞ்சு உள்ளே போய் நெஞ்சை அடைத்துவிடும் என்றார். பக்கத்தில் இருந்தவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஊரில் யார் செத்தாலும் சொல்வதுதான், நான் தண்ணீர்ச் செம்போடு கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

"பஞ்சு இல்லீங்க" என்றார் அப்பா. எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "நான் சாயப்பட்டறையில பாய்லருங்க."

அப்பா வழக்கமாகத் திருத்துவது என்று நினைத்துக்கொண்டு, ஆமாங்க, பாய்லர்தானுங்க என்றார் அந்தச் சொந்தக்காரர்.